ஓசிக் கருவியும் ஓர் இடைவெளியும்

1

அந்த நாலு பிள்ளைகளும் தங்கள் குழுவுக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘பறவைகள்’.

பி.எட். இரண்டாமாண்டு கற்பித்தல் பயிற்சிக்காக நான் போன பள்ளிக்கூடம் அது. ஒன்பதாம் வகுப்பு, சமூக அறிவியல். பாடம் நடத்தி முடித்துவிட்டு மீள்பார்வைக்காகப் பிள்ளைகளைக் கணினி அறைக்குக் கூட்டிப் போனேன். பத்துக் கணினி, முப்பத்தெட்டுப் பிள்ளைகள். நாலு நாலு பேராக உட்காரச் சொன்னேன். யார் யாரோடு என்று நான் சொல்லவில்லை. அவர்களாகவே பிரிந்துகொண்டார்கள். வகுப்பறையில் எப்படியோ அப்படியே இங்கேயும். காலனிப் பெண்பிள்ளைகள் நாலு பேரும் கடைசிக் கணினியில்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற ஒரு வினாடி வினாக் கருவியில் பத்துக் கேள்விகள் தயாரித்திருந்தேன். திரையில் ஓர் எண் வரும். அதைத் தட்டிப் பிள்ளைகள் உள்ளே வரலாம். தங்களுக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் யார் முன்னால் யார் பின்னால் என்று பட்டியல் வரும். பாட்டும் உண்டு. ‘சிங்கம்’, ‘தளபதி’, ‘மின்னல்’ என்று ஒவ்வொரு பெயராகத் திரையில் வந்து விழுந்தது. ‘பறவைகள்’ வந்தது. எல்லாரும் வந்தாயிற்று என்று நினைத்தபோது இன்னொரு பெயர் விழுந்தது.

‘பற வைகள்’.

பத்துக் கணினியிலிருந்து பதினோரு பெயர். யாரோ இன்னொரு சன்னலைத் திறந்து இரண்டாவது தடவை உள்ளே வந்திருக்கிறார்கள். நான் அதைத் தட்டச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். நான் நினைத்து முடிப்பதற்குள் வகுப்பு சிரித்துவிட்டது. பதினாலு வயசுப் பிள்ளைகளுக்கு ஒரு நொடியில் புரிந்தது எனக்குப் புரிய மூணு நொடி ஆனது.

அப்போது நான் செய்தது என்ன தெரியுமா? ‘தொடங்கு’ பொத்தானை அழுத்தினேன். அவ்வளவுதான். கேள்விகள் ஓடின. ‘பறவைகள்’ முதல் ரெண்டு கேள்விக்கும் சரியாகச் சொல்லி முதலில் நின்றார்கள். அப்புறம் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். நாலாவது கேள்வி, 1927-இல் மகாடு குளத்தில் தண்ணீர் அள்ளும் போராட்டத்திற்குத் தலைமை தாங்கியவர் யார் என்பது. அந்த நாலு பேருக்கும் அது தெரியும். வீட்டுச் சுவரில் படம் மாட்டியிருக்கிற பிள்ளைகள். தொடவே இல்லை. கடைசிவரைக்கும் பட்டியலின் அடியில் பூச்சியத்தோடு நின்றது ‘பற வைகள்’.

தலைமையாசிரியரிடம் போனேன். “ஏம்மா, சின்னப் புள்ளைங்க. டைப் பண்ணும்போது கை பட்டிருக்கும். இதப் போயி பெருசாக்குவியா?” என்றார். வழிகாட்டி ஆசிரியர் என் ரெக்கார்டு நோட்டில் எழுதினார்: ‘தொழில்நுட்பப் பயன்பாடு நன்று. வகுப்புக் கட்டுப்பாடு போதாது.’

சாயங்காலம் மாடிப்படியில் அந்த நாலு பேரில் ஒருத்தி என்னை நிறுத்திக் கேட்டாள்: “மிஸ், அந்த ஸ்பேஸ யாரு வுட்டாங்கன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியுமா மிஸ்?”

“தெரியும்” என்றேன்.

“அப்புறம் ஏன் மிஸ் சொல்லல?”

2

ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொண்டு விடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

வகுப்பு சிரித்தபோது அது என்னைப் பார்த்துச் சிரித்ததாகத்தான் எனக்குத் தோன்றியது. அந்தப் பள்ளிக்கூடத்தில் என் சாதி யாருக்கும் தெரியாது. “எந்த ஊரும்மா?” என்று கேட்டவர்களுக்கு ஊர்ப் பெயரைச் சொன்னேன், தெருப் பெயரைச் சொல்லவில்லை. “எந்தத் தெரு?” என்று அடுத்துக் கேட்டவர்களுக்குப் பக்கத்து டவுனில் வாடகைக்கு இருக்கிறோம் என்று புளுகினேன். ஆக, பிள்ளைகள் அவமானப்பட்ட அந்த நேரத்தில் ஆசிரியை யோசித்தது, ‘என்னைக் கண்டுபிடிச்சுட்டாங்களா?’ என்றுதான். அதனால்தான் மூணு நொடி ஆனது. அதனால்தான் ‘தொடங்கு’ பொத்தானை அழுத்தினேன்.

இடைவெளி விட்ட விரல் யாருடையதோ எனக்குத் தெரியாது. அதற்குமேல் ஆட்டத்தைத் தொடங்கி வைத்த விரல் என்னுடையது.

2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல் ஆதிக்கத்தின், தீண்டாமையின் அடையாளமாக ஆகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவோம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் ஒரு சொல்லை அரசாங்கம் ஏட்டிலிருந்து எடுக்கிற நேரத்தில், ‘பறவை’ என்கிற, உலகத்தில் யாருக்கும் தீங்கு செய்யாத ஒரு சொல்லுக்குள்ளே இருந்து ஒரு பிள்ளை வசவை உருவி எடுக்கிறது. எழுத்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நடுவில் கொஞ்சம் இடம் விட்டது, அவ்வளவுதான். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் விட்டு வைத்திருக்கிறார்களே, அதே இடம்.

3

இந்தக் கருவியெல்லாம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். பி.எட்.டில் எங்களுக்கு ஓர் ஒப்படைப்பு. ‘வகுப்பறைக்கு உதவும் ஐந்து இலவச இணையக் கருவிகளைப் பயன்படுத்திப் பார்த்து அறிக்கை எழுதுக.’ உண்மையைச் சொன்னால் ரெண்டு வருஷப் படிப்பில் நான் சந்தோஷமாகச் செய்த வேலை இதுதான். பள்ளியில் படித்தபோது அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி இன்னும் உயிரோடு இருக்கிறது. மின்கலம் செத்துவிட்டதால் சுவரோடு ஒட்டிக்கொண்டேதான் ஓடும். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பார்த்தேன்.

எத்தனை எத்தனை! 2001-இலிருந்து வளர்ந்து வந்திருக்கிற ஜியோஜீப்ராவில் ஒரு முக்கோணத்தைப் பிடித்து இழுத்தால் கோணமெல்லாம் கூடவே மாறுகிறது. எனக்குக் கணக்கு நடத்திய சார் இதைக் காட்டியிருந்தால் நான் கணக்குப் படித்திருப்பேன். 2017-இல் மத்திய அரசு தொடங்கிய தீக்‌ஷா, 2023-இல் தமிழக அரசு விட்ட மணற்கேணி, 1998-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம், 2003-இலிருந்து வரும் தமிழ் விக்கிப்பீடியா. அம்பேத்கரின் ஆங்கிலத் தொகுதிகள் முழுக்க இணையத்தில் கிடக்கின்றன, காசில்லாமல். எங்கள் ஊர் இரவுப் பள்ளியில் ஒரே ஒரு தொகுதி, அட்டை கிழிந்து, ஆறு பேர் கை மாறி வரும். அந்தப் பெருமூச்சோடுதான் இறக்கி வைத்துக்கொண்டேன்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “இவ்ளோத்தையும் எவன் பாப்பா சும்மா குடுக்கறான்?”

ஒப்படைப்பில் இல்லாத கேள்வி அது. பேராசிரியர்கள் யாரும் கேட்காத கேள்வி. நூறுநாள் வேலையில் மண் சுமந்தவள் கேட்டாள். 2023 ஜனவரியிலிருந்து அந்த வேலைக்கும் செயலி கட்டாயமாக்கினார்கள். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை படம் எடுத்து ஏற்றினால்தான் வருகை. செயலிக்குக் காசு கிடையாது. “படம் புடிக்கறது சும்மாதான். படத்துல வுழுந்தாத்தான் கூலி” என்பாள் அம்மா. இலவசக் கருவியைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக எவனும் எழுதவில்லை.

4

இப்போது இந்த ‘இலவசம்’ என்கிற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம் தோழர்களே.

கும்பினிக்காரன் தன் வேலைக் கடிதங்களைக் காசில்லாமல் அனுப்புவதற்குப் போட்ட ஆங்கில எழுத்து முத்திரையிலிருந்துதான் ‘ஓசி’ என்ற சொல் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை உண்மையோ பொய்யோ, வெள்ளைக்காரக் கம்பெனி தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட சலுகையின் பெயர் எப்படியோ எங்கள் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. நான் ஓசிச் சோறு தின்று, ஓசிப் புத்தகம் படித்து, ஓசி சைக்கிள் மிதித்து, ஓசி மடிக்கணினி வாங்கிப் படித்தவள். ஊர்த்தெருப் பிள்ளையும் அதே சோறு, அதே சைக்கிள்தான். ஆனால் ‘ஓசியில படிச்சதுங்க’ என்ற பட்டம் எங்களுக்கு மட்டும். 2022 ஜூலையில் நாட்டின் பிரதமரே இலவசங்களை ‘ரேவடி’ மிட்டாய் என்று கேலி செய்தார். உச்ச நீதிமன்றம்வரை அது விவாதம் ஆனது.

அதே நாட்டில் 2016 செப்டம்பரில் ஜியோ கம்பெனி பேச்சும் இணையமும் இலவசம் என்று கடை திறந்தது. 2017 மார்ச்வரை அள்ளிக் கொடுத்தது. எவனாவது ஓசி என்றானா? டிஜிட்டல் புரட்சி என்றான். ஏழைக்கு அரசாங்கம் கொடுத்தால் ஓசி. பணக்காரன் வாடிக்கை பிடிக்கக் கொடுத்தால் புரட்சி. இதுதான் இந்த நாட்டுப் பொருளாதாரத்தின் மனு தர்மம்.

நாங்கள் வாங்கிய இலவசம் எதுவும் சும்மா வந்தது இல்லை. 1848-இல் புனேயில் சாவித்திரிபாய் பள்ளிக்கூடம் நடத்தப் போனபோது அவர்மேல் சாணியையும் கல்லையும் எறிந்தார்கள். 1855-இல் அந்தப் பள்ளியில் படித்த முக்தா என்ற மாங் சாதிச் சிறுமி தன் சனங்களின் துயரத்தைக் கட்டுரையாக எழுதினாள், பத்திரிகையில் வந்தது. 1894-இல் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளி வந்தது, பண்டிதர் அயோத்திதாசர் போன்றோர் கர்னல் ஆல்காட்டிடம் கேட்டு வாங்கியது. 1907-இல் பேரிலேயே பைசாவை வைத்து ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தினார் பண்டிதர். 1920-இல் சென்னை மாநகராட்சியில் தொடங்கி, 1956-இல் காமராசர் காலத்தில் மாநிலம் முழுக்கப் பரவி, 1982-இல் சத்துணவாக விரிந்த அந்தச் சோற்றுக்குப் பின்னாலும் நூறு வருஷப் போராட்டம் இருக்கிறது. அந்தச் சோற்றிலும் சாதி பார்த்தார்கள். 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு தலித் பெண் பள்ளியில் சமைக்கக்கூடாது என்று தகராறு செய்தார்கள். அரசாங்கம் கொடுக்கிற இலவசத்திலாவது ‘எங்கள் வரி, எங்கள் உரிமை’ என்று சண்டை போடலாம். ஆண்டையைக் கேட்கலாம், அதிகாரியைக் கேட்கலாம். கம்பெனி கொடுக்கிற இலவசத்தில் யாரைப் போய்க் கேட்பது?

விலை இல்லை என்று யார் சொன்னது? இத்தனை பேர்வரை இலவசம், அதற்குமேல் காசு என்பான். பிள்ளையின் பெயர், குரல், முகம், எந்தக் கேள்வியில் தடுமாறினாள் என்பது எல்லாம் எங்கோ போய்ச் சேரும். மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2022 மே மாதம் 49 நாடுகளின் இணையவழிக் கல்விக் கருவிகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. பார்த்த கருவிகளில் 89 விழுக்காடு பிள்ளைகளின் உரிமைக்கு ஆபத்தான வகையில் தகவலைக் கையாண்டன என்றது. அம்மாவின் கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது. சும்மா குடுக்கல அம்மா. புள்ளைங்கள எடுத்துக்கிட்டுக் குடுக்கறான்.

5

‘இயந்திரத்துக்குச் சாதி தெரியாது, அதனால் அது சமத்துவம்’ என்று எங்களுக்கு வகுப்பில் சொன்னார்கள். முற்போக்குப் பேசுகிற நண்பர்களும் இதையே சொல்கிறார்கள்.

சாதி தெரியாததுதான் பிரச்சினை என்கிறேன் நான். ஆங்கிலக் கெட்ட வார்த்தையைத் தட்டினால் தடுக்கிற கருவிகள் இருக்கின்றன. அது அந்த நாட்டுக்காரனுக்கு வலிக்கிற வார்த்தை, அதனால் அவன் தடுப்பு வைத்தான். எங்களுக்கு வலிப்பது ஓர் இடைவெளி. அதற்கு எவன் வடிகட்டி செய்வான்? செய்கிற இடத்தில் எங்கள் ஆள் இருக்க வேண்டும், இருப்பவர்கள் வாயைத் திறக்க முடிய வேண்டும்.

2022 ஏப்ரலில் தலித் வரலாற்று மாதத்தில் தேன்மொழி சௌந்தரராஜனைக் கூகுள் நிறுவனத்துக்குள் சாதி பற்றிப் பேச அழைத்தார்கள். உள்ளே இருந்த சிலர் எதிர்ப்புக் கிளப்பினார்கள். பேச்சு ரத்தானது. ஒன்றுசேர்ப்பதற்குப் பதிலாகப் பிளவை உண்டாக்குகிறது என்று காரணம் சொன்னது நிறுவனம். அழைத்த மேலாளர் பிறகு வேலையை விட்டே போனார். ‘இதப் போயி பெருசாக்குவியா?’ என்று என் தலைமையாசிரியர் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவர் தமிழில் சொன்னார், இவர்கள் ஆங்கிலத்தில் சொன்னார்கள். 2023-இல் கலிபோர்னியாச் சட்டமன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க நிறைவேற்றிய மசோதாவை அந்த மாநில ஆளுநர் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். கருவி பிறக்கிற ஊரிலேயே கதை இதுதான்.

சாதி தெரியாத இயந்திரம் என்பதும் இப்போது பழைய கதை. செயற்கை நுண்ணறிவு என்று வந்திருக்கிறதே, அதற்கு நன்றாகவே சாதி தெரிகிறது. 2025 அக்டோபரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ இதழ் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனத்தின் கருவிகளைச் சோதித்துப் பார்த்து எழுதியது. அறிவாளி யார், சாக்கடை அள்ளுபவர் யார் என்று வாக்கியத்தை நிரப்பச் சொன்னால் முன்னதற்குப் பார்ப்பனரையும் பின்னதற்குத் தலித்தையும் அது போட்டிருக்கிறது. யார் கற்றுக்கொடுத்தது? இணையம் முழுக்க நாம் எழுதி வைத்ததைத்தான் அது படித்தது. ஊர் எழுதியதைப் படித்தால் ஊர் புத்திதான் வரும். நாளைக்கு என் வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியையைவிட அதைத்தான் நம்பிக் கேட்கப் போகிறார்கள். அதனால்தான் இது எனக்கு வெறும் ஒப்படைப்பு இல்லை.

6

இதைப் படித்துவிட்டு ‘பாத்தீங்களா, நாங்க அப்பவே சொன்னோம், இந்தக் கருமமெல்லாம் வேண்டாம், மண்ணும் மரமும் கையும்தான் கல்வி’ என்று ஒரு கூட்டம் வரும். அவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

பிள்ளைக்குச் செல்போன் கொடுக்காதே, களிமண் பிசையச் சொல்லு, கைத்தொழில் கற்றுக்கொடு என்று பேசுகிறவர்களில் பலர் வீட்டில் பிள்ளை ஆறு வயசில் கணினி மொழி படிக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் மண் வாசனை. மண்ணைப் பற்றி எங்களுக்கா பாடம் எடுக்கிறீர்கள்? எங்கள் கால் அதிலேயேதான் ஆயிரம் வருஷமாகப் புதைந்து கிடக்கிறது. 1953-இல் ராஜாஜி பாதி நேரம் பள்ளி, பாதி நேரம் அப்பன் தொழில் என்று கொண்டுவந்தாரே, அந்தக் குலக்கல்வியை 1954-இல் எடுத்தெறிந்தோம். இப்போது அது இயற்கைக் கல்வி என்று பேர் மாற்றிக்கொண்டு வந்தால் ஏமாற மாட்டோம். கருவி எங்களுக்கு வேண்டும். நல்லதாக, புதிதாக, முதல் வரிசையில் வேண்டும்.

வேண்டாம் என்று எங்களை யாரும் தனியாகத் தள்ளவும் வேண்டியதில்லை, ஏற்கெனவே தள்ளித்தான் வைத்திருக்கிறார்கள். 2020-இல் பள்ளிகள் மூடியபோது எங்கள் வீட்டில் ஒரே செல்போன். எனக்குக் கல்லூரி வகுப்பு, தம்பிக்குப் பள்ளி வகுப்பு, ரெண்டும் ஒரே நேரம். நான் படித்தேன், தம்பி படிக்கவில்லை. அவன் செங்கல் சூளைக்குப் போனான், இன்றுவரை திரும்பவில்லை. அந்த வருஷம் ஜூன் 1-ஆம் தேதி கேரளத்தில் இணைய வகுப்பு தொடங்கிய அன்றே, மலப்புறம் மாவட்டத்தில் வகுப்பில் சேர முடியாத ஒரு தலித் மாணவி தன்னை எரித்துக்கொண்டாள். தொலைக்காட்சி பழுது, செல்போன் கிடையாது. 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் ஏறத்தாழ 1,400 பிள்ளைகளிடம் எடுத்த ஓர் ஆய்வில் கிராமங்களில் 8 விழுக்காட்டுப் பிள்ளைகள்தான் ஒழுங்காக இணையத்தில் படித்தார்கள். தலித், ஆதிவாசிப் பிள்ளைகள் என்று பிரித்தால் அது 4 விழுக்காடு. ‘எல்லாருக்கும் இலவசம்’ என்று எழுதியிருந்த வகுப்புகள்தான் எல்லாம். கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கதவுக்குப் போகிற பாதையை அடைத்துவிட்டால் அதற்குப் பேர் என்ன?

கருவி கடவுளும் இல்லை, பேயும் இல்லை. கிணறு மாதிரி. யார் தோண்டினது, யார் கயிறு பிடிக்கிறது, யார் எட்டி நின்று குவித்த கையில் வாங்கிக் குடிக்கிறது என்பதுதான் கேள்வி.

7

சரி, ஆசிரியைக்கு இதில் என்ன வேலை? பிறகு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

அந்த வினாடி வினாக் கருவியில் திரையில் வந்த பெயரைத் தொட்டால் அந்தப் பெயர் வெளியே போய்விடும். பிள்ளைகள் பெயர் வைப்பதற்குப் பதிலாகக் கருவியே பெயர் கொடுக்கும்படி ஒரு பொத்தானும் இருக்கிறது. ஐந்து கருவிக்கு அறிக்கை எழுதச் சொன்னவர்கள் இதைச் சொல்லித் தரவில்லை. தெரியாமல் இல்லை, தேவைப்படவில்லை. பெயரால் அடிபடாதவர்களுக்கு அந்தப் பொத்தான் எதற்கு?

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. இணையப் படிவத்தில் மாணவர் விவரம் சேகரிப்பது. மாதிரிப் படிவத்தில் பெயர், பிறந்த தேதி, அடுத்தது சாதி. பதில்கள் அட்டவணையாக வந்ததும், சாதிக் கட்டத்தை அழுத்தி ‘வரிசைப்படுத்து’ என்று கொடுத்துக் காட்டினார்கள். ஒரே தட்டலில் வகுப்பு ஊராகவும் சேரியாகவும் பிரிந்து நின்றது. அப்புறம் நிறம் வேறு கொடுத்தார்கள். அந்த அட்டவணையை வாட்சாப் குழுவில் எல்லாருக்கும் அனுப்பினார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படிக்கிறவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர் வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக்கூடாது என்பது அதில் ஒரு பரிந்துரை. காகித ஏட்டைப் பற்றிச் சொன்னார்கள். ஏடு செல்போனுக்குள் போய்விட்டதே, அதை யார் கேட்பது?

சாதியை எங்கேயும் எழுதாதே என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் இட ஒதுக்கீட்டுக்கும் உதவித்தொகைக்கும் குழி வெட்டுகிறவர்கள். உரிமை கொடுப்பதற்கு எழுது, பூட்டி வை. வகுப்பைப் பிரிப்பதற்கு எழுதாதே, ஊர் முழுக்கச் சுற்றுக்கு விடாதே. இந்த வித்தியாசம் தெரியாதவர்களுக்கு ஆசிரியர் வேலை எதற்கு?

அடுத்த வாரம் அதே வகுப்புக்கு வேறொரு கருவியோடு போனேன். பிளிக்கர்ஸ் என்று பெயர். பிள்ளைகளுக்குக் கணினியும் வேண்டாம், செல்போனும் வேண்டாம். ஆளுக்கொரு காகித அட்டை. அட்டையில் கறுப்புக் கட்டங்கள், நாலு பக்கமும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. எந்தப் பக்கத்தை மேலே பிடிக்கிறாளோ அது அவள் பதில். ஆசிரியையின் செல்போன் ஒன்று போதும், அட்டைகளைப் படம் பிடிக்கிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினால் பதில்கள் பதிந்துவிடும். ஒவ்வோர் அட்டையும் வேறு வேறு வடிவம், பக்கத்தில் இருப்பவள் பார்த்துக் காப்பியடிக்க முடியாது. திரையில் யார் பெயரையும் காட்ட வேண்டியதில்லை. அட்டையைக் கலைத்துக் கொடுத்தேன், அட்டை எண் வரிசையில் உட்காரச் சொன்னேன். காலனியும் தெருவும் கலந்து உட்கார்ந்தது, அந்த வகுப்பில் முதல் தடவையாக. முணுமுணுத்தார்கள். “எந்திரிச்சுப் போறவங்க இப்பவே போலாம்” என்றேன். யாரும் போகவில்லை.

ஆனால் அட்டை காப்பாற்றிவிட்டது என்று எழுதினால் நானும் கம்பெனிக்காரனாகிவிடுவேன். அட்டை செய்தது பாதி. மீதியை வாயால்தான் செய்ய வேண்டியிருந்தது. கரும்பலகையில் ‘பற’ என்று எழுதினேன். வகுப்பு மூச்சு விடவில்லை. அதற்குக் கீழே பறவை, பறத்தல், பறை, பறைதல் என்று எழுதி அர்த்தம் கேட்டேன். முதல் மூணுக்கும் சொன்னார்கள். நாலாவதை நானே சொன்னேன். பறைதல் என்றால் சொல்லுதல், மலையாளத்தில் இன்றைக்கும் அதுதான் பேச்சு. “போன வாரம் இந்தச் சொல்லுக்கு நடுவுல யாரோ எடம் வுட்டீங்க. யாருன்னு நான் கேக்கப் போறதில்ல. ஒங்க எல்லாருக்கும் தெரியும், கம்ப்யூட்டருக்கும் தெரியும். ஒருத்தரும் சொல்லல. நானும் அன்னிக்கு ஒண்ணு சொல்லாம வுட்டேன். இப்பச் சொல்றேன். நானும் காலனிதான்.”

முப்பத்தெட்டு முகம். ஒரு சிரிப்பு இல்லை.

மறுநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டார். வகுப்பில் சாதியைப் பற்றிப் பேசுவதாக என்மேல் புகார் வந்திருக்கிறதாம். இடைவெளி விட்டவர்மேல் புகார் இல்லை. அதைத் திரையில் பார்த்துச் சிரித்தவர்கள்மேல் புகார் இல்லை. பேசினவள்மேல் புகார். “ஒனக்கு நல்ல எதிர்காலம் இருக்கும்மா, ஏன் இப்பிடி?” என்றார். எனக்கிருக்கிற எதிர்காலம் இதுதான் சார் என்றேன். பயிற்சி மதிப்பெண்ணில் குறைத்தார்கள். குறைக்கட்டும்.

8

ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களுக்குச் சொல்கிறேன். எங்களுக்குப் பொத்தான்களைக் கற்றுக்கொடுக்கிறீர்கள், வகுப்பறையைக் கற்றுக்கொடுப்பதில்லை. ஒரு கருவியைக் கையில் எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வியைப் பாடமாக வையுங்கள். இதில் யார் பெயர் யார் கண்ணில் படும்? செல்போன் இல்லாத பிள்ளை இதில் எங்கே உட்காருவாள்? இணையம் இல்லாத தெருவில் இது ஓடுமா? இதில் வசவு வந்தால் எந்தப் பொத்தான், எந்தச் சொல்? எடுத்துக்கொண்டு போகிற தகவலை யாரிடம் கேட்டு எடுக்கிறான்? இந்த ஐந்து கேள்விக்குப் பதில் எழுதாத அறிக்கைக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

நம் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சொல்கிறேன். கருவியை விட்டு ஓடாதீர்கள். விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆண்ட பரம்பரைக் கதைகளை எழுதித் தள்ளுகிறார்கள். நம் ஊர்க் கூலிப் போராட்டத்தை, கிணற்றுச் சண்டையை, இரவுப் பள்ளியை யார் எழுதுவது? ஆயாக்கள் இருக்கும்போதே அவர்கள் குரலைப் பதியுங்கள், அதற்குச் செல்போன் போதும். 1992-இல் ‘கருக்கு’ வந்தபோது ஒரு புத்தகம் எத்தனை பேர் வாயைத் திறந்துவிட்டது! நாளைக்கு வரப்போகிற இயந்திரம் நம்மைப் பற்றி எதைப் படித்து வளரும் என்பது நாம் எழுதுவதில்தான் இருக்கிறது.

ஒப்படைப்பை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஐந்து கருவி கேட்டார்கள். ஆறாவதாக ஒன்று சேர்த்தேன். ‘இடைவெளிப் பொத்தான். விலை: இலவசம். எல்லாக் கணினியிலும் கிடைக்கும். இணையம் தேவையில்லை. பயிற்சி தேவையில்லை, வீட்டிலேயே கற்றுக்கொடுத்து அனுப்புகிறார்கள்.’ பேராசிரியர் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, ‘இது கருவி அல்ல’ என்று எழுதிக் கொடுத்தார்.

பயிற்சியின் கடைசி நாள் அந்தப் பெண்பிள்ளை வந்தாள். கையில் அவளுடைய பிளிக்கர்ஸ் அட்டை. வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். வைத்துக்கொள் என்றேன். அட்டையின் பின்பக்கம் பேனாவால் ‘பறவைகள்’ என்று எழுதியிருந்தாள். எழுத்துக்கு எழுத்து ஒட்டி, நெருக்கி, நடுவில் ஒரு நூல் நுழைய இடமில்லாமல்.